பழைய வில்லாவின் தோட்டம்: சுவரிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

வில்லாவின் சாவி கைக்கு வந்த வாரமே லாவெண்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். படங்களில் பார்த்தது அதுதானே? ஊதா வரிசை, பின்னால் இரண்டு சைப்ரஸ், ஓரத்தில் மண்சட்டியில் ஓர் எலுமிச்சை. இருநூறு செடிகள் வந்து இறங்கும். மே மாதம் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, ஆகஸ்டில் பாதி அழுகிப்போன பிறகு “இந்த மண்ணே சரியில்லை” என்பார்கள். மண் என்ன செய்யும்? நட்ட மாதம் தப்பு, தண்ணீர் விட்ட விதம் தப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, செடியிலிருந்து வேலையைத் தொடங்கியதே தப்பு.

மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய வில்லாத் தோட்டங்களில் பூவுக்கு நான்காவது இடம்தான். கல், தண்ணீர், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம், இந்த மூன்றுக்கும் பிறகுதான் அது வருகிறது. நந்தவனம் என்றதும் பூவை நினைக்கிற நமக்கு இதற்குப் பழகக் கொஞ்சம் நாளாகும்.

கிரீஸ் முதல் ஸ்பெயின் வரை எல்லாவற்றையும் இங்கே இழுக்கப்போவதில்லை. இத்தாலியின் டஸ்கனியில், புளோரன்ஸ் நகரத்தை ஒட்டிய ஃபியசோலே, செத்தின்யானோ மலைச்சரிவுகளை எடுத்துக்கொள்கிறேன். மாதிரிக்கு ஒரு வில்லாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டு வீடு. தென்மேற்குப் பார்த்த ஒரு ஏக்கர் சரிவு. மூன்று அடுக்கு நிலம். பாதி சரிந்த கல்சுவர். வறண்டு கிடக்கும் தொட்டி. புழு தின்று மொட்டையான வேலி. உங்கள் வீடு கடலோரத்தில் இருந்தால் உறைபனியைப் பற்றி நான் சொல்வதை மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

1. முதல் வருடம் எதையும் பிடுங்காதீர்கள்

மார்ச்சில் வந்தால் அடுத்த மார்ச் வரை பார்ப்பதும் குறித்துவைப்பதும்தான் வேலை. காய்ந்த புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கோடையில் தெரியாது. ஐம்பது வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்த தோட்டத்திலும் கிழங்குச் செடிகள் போட்ட இடத்திலேயே முளைக்கும். வசந்தத்தில் ஐரிஸ் ஒரே நேர்கோட்டில் பூத்தால் அங்கே ஒரு காலத்தில் பாதையின் ஓரமோ அடுக்கின் விளிம்போ இருந்திருக்கிறது என்று அர்த்தம். புளோரன்ஸ் பகுதி விவசாயிகள் நில விளிம்பில் மண் சரியாமல் இருக்க ஐரிஸ் நடுவது பழைய வழக்கம். வந்தவுடன் ஜேசிபி விட்டுச் சமன்படுத்தியவருக்கு அந்தக் கோடு இனி எப்போதும் கிடைக்காது.

மூன்று நேரங்களில் கட்டாயம் வெளியே நில்லுங்கள். நவம்பரில் நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய்த் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது என்று பாருங்கள். ஜனவரியில் காலை ஏழு மணிக்கு உறைபனி எங்கே கடைசியில் கரைகிறது என்று பாருங்கள். எலுமிச்சைக்கு அந்த இடம் ஆகாது. ஆகஸ்டில் மதியம் மூன்று மணிக்குப் பூனை எங்கே படுத்திருக்கிறது என்றும் பாருங்கள். பின்னால் நீங்கள் போடப்போகும் கல்பெஞ்சுக்கு அதைவிட நல்ல இடம் யாரும் காட்ட முடியாது.

இதற்கிடையே மண்ணையும் சோதித்துவிடலாம். நடப்போகிற இடங்களில் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால் அங்கே லாவெண்டரும் ரோஸ்மேரியும் பிழைக்காது. சோதனைச்சாலைக்கு மண் அனுப்புவதை விட இந்தக் குழி அதிகம் சொல்லும்.

2. காகிதத்தில் தோட்டத்தைத் தேடுவது

டஸ்கனியில் ஒரு வசதி. இந்த மாதிரி வீடுகளின் நிலத்தை யாராவது எப்போதாவது வரைந்து வைத்திருப்பார்கள். பெரிய குடும்பங்கள் தங்கள் உடைமைகளைப் பண்ணை பண்ணையாக வண்ணத்தில் வரைய வைத்த ஏடுகளுக்குக் ‘காப்ரேயோ’ என்று பெயர். அது இல்லாவிட்டாலும், 1835-இல் நடைமுறைக்கு வந்த டஸ்கனியின் நில அளவைப் பதிவில் உங்கள் வில்லாவின் சுவரும் பாதையும் இருக்க வாய்ப்பு அதிகம். 1954-55-இல் இத்தாலி முழுவதையும் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களில் மரங்களின் நிழல்கூட விழுந்திருக்கும். பழைய குடும்பப் படங்களில் மனிதர்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சரி. அவருக்குப் பின்னால் இருக்கும் வேலி என்ன உயரம்?

எல்லாம் சேர்ந்ததும் நிலத்தை அளந்து, இன்றைய நிலையை ஒரு வரைபடமாக்குங்கள். உயரங்களை விட்டுவிடாதீர்கள். சரிவு நிலத்தில் இருபது சென்டிமீட்டர் தப்பு என்றால் ஒரு வாய்க்கால் திசை மாறிவிடும்.

இனி பெரிய கேள்வி. எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்கப்போகிறீர்கள்? செத்தின்யானோவில் இருக்கும் வில்லா கம்பெராயாவுக்கு ஒருமுறை போய்வந்தால் இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று புரியும். 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடு அது. 1896-இல் அதை வாங்கிய இளவரசி ஜியோவானா கீக்கா, வீட்டுக்குத் தெற்கே இருந்த பூப்பாத்திகள் இருந்த இடத்தில் நீர்த்தொட்டிகளை அமைத்தார். இன்று உலகம் முழுக்கத் தோட்டக்கலை மாணவர்கள் படமெடுக்க வருவது அந்தத் தொட்டிகளைத்தான். இரண்டாம் உலகப் போரில் வீடும் தோட்டமும் நாசமாயின. 1954-இல் வாங்கிய மார்ச்செல்லோ மார்க்கி, பழைய வரைபடங்களையும் அச்சுப்படங்களையும் புகைப்படங்களையும் வைத்து மீட்டெடுத்தார். அவர் இளவரசியின் தொட்டிகளை மூடிவிட்டு 1600-களுக்குத் திரும்பிப் போகவில்லை. பழைய நீண்ட புல்பாதையும் இருக்கிறது, தொட்டிகளும் இருக்கின்றன.

1981-இல் எழுதப்பட்டு, மறுவருட இறுதியில் நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இகோமோஸ் பதிவுசெய்த, பழந்தோட்டங்களுக்கான புளோரன்ஸ் சாசனமும் இதையேதான் கேட்கிறது. பழந்தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம். அதில் அடுத்தடுத்து வந்த எல்லாக் காலங்களுக்கும் மரியாதை உண்டு. பொதுவாக ஒரு காலத்தைத் தூக்கி மற்றதை அழிக்கக் கூடாது. ஆராய்ச்சி இல்லாமல் மறுகட்டுமானம் கூடவே கூடாது. இதற்கு என்னிடம் ஒரு சின்ன இணைப்பு உண்டு. ஒரு மாற்றம் அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்; அது தண்ணீரையோ சுவரையோ மரத்தையோ கெடுக்கிறது என்றால் எடுங்கள். முன்னாள் சொந்தக்காரர் 1970-களில் கட்டிய நீல நீச்சல்குளம் இதில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால், நான் பதில் சொல்லாமல் சிரித்துவிடுவேன்.

செடியை வைத்துக் காலம் சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. “இந்த விஸ்டீரியாக் கொடி, புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் காலத்திலிருந்து இருக்கிறது” என்று தரகர் சொல்வார். சீன விஸ்டீரியா ஐரோப்பாவுக்கு வந்ததே 1816-இல். மஞ்சள் பாங்க்ஸியா ரோஜாவும் 19-ஆம் நூற்றாண்டு வரவுதான். கேனரித் தீவுப் பனையும் அந்தக் காலத்து மோகம். அதற்காக வெட்ட வேண்டியதில்லை. அதைக் காட்டி வீட்டு விலையை ஏற்றினால் மட்டும் நம்பாதீர்கள்.

3. அனுமதி

சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் 2004-ஆம் ஆண்டின் 42-ஆம் எண் சட்ட ஆணை, கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள வில்லாக்களையும் பூங்காக்களையும் தோட்டங்களையும் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. உங்கள் வில்லாவுக்கு அந்த அந்தஸ்து இருந்தால் சுவரைத் திருத்தவும், பாதையை மாற்றவும், பெரிய மரத்தை வெட்டவும் ‘சொப்ரின்தென்ட்சா’ என்ற அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். நிலக்காட்சிப் பாதுகாப்பு தனி; ஃபியசோலே பக்கம் அதுவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். முதல் வருடத்தில் நீங்கள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் இங்கேதான் கைகொடுக்கும். “அழகுபடுத்தப் போகிறேன்” என்று போகிறவருக்கும் “1835 வரைபடத்தில் இருக்கும் இந்தப் பாதையைத் திறக்கப்போகிறேன்” என்று போகிறவருக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல.

4. சுவரும் தண்ணீரும்

கையில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பதை இதற்கு ஒதுக்குங்கள். வருகிற விருந்தாளி யாரும் பாராட்டப்போவதில்லை. ஆனாலும் ஒதுக்குங்கள்.

சரிவை அடுக்கடுக்காகத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். கற்களின் இடுக்குகள் வழியாக மழைநீர் கசிந்து வெளியே வந்துவிடும், அதனால் பின்னால் இருக்கும் மண் ஊறிப் பருத்துச் சுவரைத் தள்ளாது. கட்டும் முறை எளிமையாகத் தெரியும், ஆனால் கை பழக வேண்டும். அடியில் பெரிய கற்கள். ஒவ்வொரு கல்லும் கீழே இருக்கும் இரண்டின் மேல் உட்கார வேண்டும். இடையிடையே சுவரின் உள்ளே ஆழமாகப் போகும் நீளக் கற்கள். முகம் மேலே போகப் போக மலைப்பக்கம் சாய வேண்டும். முதுகுப்பக்கம் ஒரு முழம் அகலத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும். இந்தக் கைத்திறனை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி, கிரீஸ், குரோஷியா உட்பட எட்டு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கியது அது.

இப்படிப்பட்ட சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைப்பதுதான் நான் அதிகம் பார்த்த குற்றம். ஒரு வீட்டில் ஒப்பந்ததாரர் ஒருவர் முப்பது மீட்டர் சுவரை இரண்டே வாரத்தில் ‘பலப்படுத்தி’க் கொடுத்தார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் சுவர் நடுவில் கர்ப்பிணி வயிறு போல முன்னால் தள்ளியது. அதை அவிழ்த்து மறுபடி அடுக்க ஆன செலவு, முதலிலேயே தெரிந்த ஆளை வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கு.

சாந்து வைத்துக் கட்டிய சுவர், படிக்கட்டு, தொட்டி ஆகியவற்றுக்குச் சுண்ணாம்புதான். இந்தப் பக்கத்துச் சாம்பல்நிற மணற்கல்லான பியெத்ரா செரேனா பார்க்க அழகு, வெயிலிலும் உறைபனியிலும் தோல் உரிகிற ரகம். சிமெண்ட் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே திரும்பி, உரிவது இன்னும் வேகமாகும்.

தொட்டிகளின் உள்பூச்சு விஷயத்தில் நமக்குப் பழக்கமான ஒன்று காத்திருக்கிறது. செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் கலந்து பூசும் ரோமானியர் காலத்து முறைக்கு இங்கே கொச்சோபெஸ்தோ என்று பெயர். நம் ஊர்க் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். முல்லைப் பெரியாறு அணை நிற்பதும் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையில்தான். தொட்டி ஒழுகினால் பிளாஸ்டிக் விரிப்பைத் தேடி ஓடாமல் பழைய பூச்சின் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். விரிசல் ஓரங்களை மட்டும் அதே கலவையால் திருத்திவிட முடிகிற தொட்டிகள் நிறைய உண்டு.

அடுத்தது மழைநீர். புளோரன்ஸில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலமும் வசந்தமுமாகப் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்ட் ஏறக்குறைய வறட்சி. 200 சதுர மீட்டர் கூரையில் விழுவதை ஒழுங்காகப் பிடித்தால், சிந்துவது போக வருடத்துக்கு 1,30,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் முற்றத்துக்கு அடியில் நிலவறைத் தொட்டி கட்டினார்கள். பல வில்லாக்களில் அந்தத் தொட்டி குப்பை கொட்டி மூடிக் கிடக்கும். புதுக் குழாய்க்கிணறு போடுவதற்கு முன் அதைத் தூர் வாருங்கள். தேங்கிய நீரில் புலிக்கொசு பெருகாமல் இருக்கத் தொட்டியை மூடிவையுங்கள். திறந்த அலங்காரத் தொட்டிகளில் நாலு தங்கமீனை விடுங்கள்.

5. நிற்கும் மரங்கள்

தோட்டத்தின் வயது மரத்தில்தான் இருக்கிறது. எந்த மரத்தையும் வெட்டும் முன் மர மருத்துவம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சைப்ரஸில் கிளைகள் அங்கங்கே செம்பழுப்பாகக் காய்ந்து பட்டையில் பிசின் வடிந்தால் அது செய்ரீடியம் என்ற பூஞ்சை தரும் பட்டைப்புண். பாதித்த கிளைகளை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எரிக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். வரிசையில் விழுந்த இடத்துக்குப் புது மரம் வைக்கும்போது நோயைத் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த ‘போல்கேரி’, ‘அக்ரிமெட்’ போன்ற ரகங்கள் நாற்றங்காலில் கிடைக்கின்றன.

வீட்டுக்குப் பின்னாலோ ஓரத்திலோ இருட்டாக ஒரு தோப்பு இருந்தால், அது பெரும்பாலும் போஸ்கோ என்று இவர்கள் அழைக்கும், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ஹோம் ஓக் மரத் தோப்பு. புதிதாக வருகிறவர்கள் “வெளிச்சம் வரட்டும்” என்று இதைத்தான் முதலில் கழிப்பார்கள். செய்யாதீர்கள். வெயிலில் வெளுத்த மேல்தளத்திலிருந்து சட்டென்று அந்தக் கரும்பச்சை நிழலுக்குள் நுழைவதற்காகவே வைத்த தோப்பு அது. பட்ட கிளைகளை எடுங்கள், பழைய பாதையைத் திறங்கள், போதும்.

ஆலிவ் கதை வேறு. 1985 ஜனவரிக் கடுங்குளிரில் டஸ்கனியின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி தரைவரை பட்டுப்போனது. அடியிலிருந்து துளிர்த்து வந்தவைதான் இன்று மூன்று நான்கு தண்டுகளாக நிற்கின்றன. ஒற்றைத் தண்டு ‘ஆயிரம் வருட’ மரத்தை வேறு ஊரிலிருந்து பெயர்த்து லாரியில் கொண்டுவந்து நடும் பாணி ஒன்று பரவியிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஒரு நிலத்தின் கிழவனைத் தூக்கி இன்னொரு நிலத்தின் வாசலில் உட்காரவைப்பது அது. நோய்க் காரணமும் இருக்கிறது. 2013-இல் புலியா மாநிலத்தில் கண்டறிந்த சைலெல்லா பாக்டீரியா அங்கே லட்சக்கணக்கான ஆலிவ் மரங்களைக் காயவைத்துவிட்டது. அது அரளி, லாவெண்டர், ரோஸ்மேரியிலும் ஒட்டி வரும். எந்தச் செடி வாங்கினாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘தாவரப் பாஸ்போர்ட்’ சீட்டு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பனை இருந்தால் உச்சியை அண்ணாந்து பாருங்கள். நடுக்குருத்து சாய்ந்து, ஓலைகள் குடை போல விரிந்து தொங்கினால் உள்ளே கூன்வண்டு இருக்கிறது. நம் தென்னந்தோப்புகளைப் படுத்தும் அதே சிவப்புக் கூன்வண்டுதான். தெற்காசியா, தென்கிழக்காசியாப் பக்கத்துப் பூச்சி, இறக்குமதிப் பனைகளோடு மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்து, ரிவியெரா முதல் சிசிலி வரை கேனரிப் பனைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டது. பொள்ளாச்சியில் தென்னை வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த வைத்தியம்தான் இங்கும். பச்சை ஓலையைத் தேவையில்லாமல் வெட்டாதீர்கள், வெட்டின வாசனை வண்டை இழுக்கும். செத்த மரத்தை அப்படியே நிறுத்திவைக்காதீர்கள். இந்த இரண்டையும் தவிர்த்து, பொறியும் மருந்தும் சரியாக வைத்தால் மிஞ்சிய மரங்களைக் காப்பாற்றலாம்.

6. வேலி: பாக்ஸுக்கு என்ன செய்வது

பழைய பாத்திகளின் கோலத்தை வரைந்தது பாக்ஸ் என்ற குட்டை வேலிச்செடி. கிழக்காசியாவிலிருந்து வந்த பாக்ஸ் அந்துப்பூச்சி, 2000-களின் பின்பாதியில் ஐரோப்பாவில் தலைகாட்டி, சில வருடங்களிலேயே கண்டம் முழுக்கப் பரவியது. அதன் புழு ஒரு வேலியை ஒரு வாரத்தில் குச்சியாக்கிவிடும்.

உங்கள் பாக்ஸ் பழையது, கோலம் தெளிவாக இருக்கிறது, ஆள் வைத்துப் பார்க்க முடியும் என்றால் காப்பாற்றுங்கள். மார்ச் முதல் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்தைக் கவனித்து, புழு சிறியதாக இருக்கும்போதே ‘பிடி’ (Bt) என்ற பாக்டீரியா மருந்தை இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும், அதுவும் வருடத்தில் பல முறை. வாரக்கடைசிக்கு மட்டும் வருகிற வீட்டுக்காரருக்கு இது ஒத்துவராது. அவருக்குச் சின்ன இலை மிர்ட்டிலைச் சொல்வேன். அது இந்தக் கரையின் சொந்தச் செடி, கத்தரிப்பைத் தாங்கும், இலையைக் கசக்கினால் வாசம். இன்னும் வறண்ட இடத்துக்கு குறுகிய இலை ஃபிலீரியா, உயரம் வேண்டுமென்றால் வைபர்னம். மாற்றுச் செடி எதுவானாலும் பழைய கோட்டிலேயே நடுங்கள். கோலம்தான் வரலாறு, செடி மாறலாம்.

7. எலுமிச்சைச் சட்டிகள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச ஆசை. டஸ்கனியின் குளிரில் எலுமிச்சையைத் தரையில் வைக்க முடியாது. அதனால் சட்டியில் வைத்து, குளிர்காலத்துக்கென்றே தனி வீடு கட்டினார்கள். அதுதான் லிமொனாயா. தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல்கள், தடித்த வடக்குச் சுவர், மண் தரை. புளோரன்ஸின் போபொலித் தோட்டத்தில் 1770-களில் கட்டிய லிமொனாயா இன்றும் அதே வேலையைச் செய்கிறது. உங்கள் வில்லாவில் அது கார் நிறுத்துமிடமாகவோ விருந்து மண்டபமாகவோ மாறியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டிகள் புளோரன்ஸுக்குத் தெற்கே இம்ப்ருனேத்தா ஊரின் களிமண்ணில் செய்தவை என்றால் உறைபனியில் வெடிக்காது. விலை கண்ணைக் கட்டும். பழையது உடைந்திருந்தாலும் எறியாதீர்கள்; கம்பி கட்டித் தைத்த சட்டிகளை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. சட்டியைத் தரையில் நேராக வைக்காமல் மூன்று கல்துண்டின் மேல் வைத்தால் அடித்துளை அடைபடாது, வேர் தரைக்குள் இறங்காது.

வெளியே எடுப்பது ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில். உள்ளே கொண்டுபோவது அக்டோபரில். உள்ளே சூடு போட வேண்டியதில்லை, பூஜ்யத்துக்கு நாலைந்து டிகிரி மேலே இருந்தால் போதும். கதகதப்பாக இருக்கும் பகலில் ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள். குளிர்காலத் தண்ணீர் மிகக் குறைவு. அடைத்த அறையில் ஈரமான வேர்தான் எலுமிச்சையைக் கொல்கிறது. உரத்துக்கு இந்த ஊர் வழக்கம் லூப்பின் பருப்பு. முளைக்காதபடி வேகவைத்தோ உடைத்தோ வசந்தத்தில் சட்டி மண்ணில் கலந்துவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தழைச்சத்து இறங்கும். புண்ணாக்கு போட்டு வளர்த்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீர்தான் அதற்குக் காரணம். மழைநீர் ஊற்றுங்கள்.

லிமொனாயாவில் இடம் மிஞ்சினால் ஒரு சட்டி அடுக்குமல்லி வையுங்கள். சும்மா ஊர் ஞாபகத்துக்காகச் சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோவின் காலத்தில் கோவாவிலிருந்து வந்த அடுக்கு இதழ் மல்லியைப் புளோரன்ஸுக்கு அருகே வில்லா தி காஸ்தெல்லோவில் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். அதற்கென்றே கட்டிய கண்ணாடி அறை அங்கே இருக்கிறது. உலகம் அந்த ரகத்தை இன்றும் ‘டஸ்கனியின் கிராண்ட் டியூக்’ என்றுதான் விற்கிறது. நம் பூக்கடையில் முழம் போடுகிற செடிக்கு அங்கே நாட்டை ஆண்டவரின் பட்டம்.

8. பாதையும் புல்லும்

பாதைக்கு உள்ளூர்ச் சரளை. கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உடைகல்லை அடித்து இறுக்கி, மேலே மெல்லிய சரளை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடப்பவர் கால் புதையும், தள்ளுவண்டி நகராது. நிறத்தை வீட்டுக் கல்லோடு பொருத்துங்கள். வெள்ளைப் பளிங்குச் சரளை வெயிலில் கண்ணைப் பறிக்கும்.

புல்தரை வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு சின்னத் துண்டு, வீட்டை ஒட்டி, இருக்கட்டும். மற்ற இடங்களில் தானாக முளைப்பதை விட்டு ஜூனில் ஒருமுறை அறுத்தால் வசந்தம் முழுக்கப் பூ கிடைக்கும். நடந்துபோகும் பச்சைத் தரை வேண்டுமென்றால் லிப்பியா போடுகிறார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், நம் வாய்க்கால் வரப்பில் கிடக்கும் பொடுதலைதான் அது. புல்லுக்குத் தேவையான தண்ணீரில் சிறு பங்கு போதும். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். குளிர்காலத்தில் பழுப்பாகிவிடும், அதைச் சகிக்க முடியுமென்றால் போடுங்கள்.

9. கடைசியில் செடி

இப்போது லாவெண்டர் வாங்கப் போகலாம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும்வரை நடவு. நம் ஐப்பசி, கார்த்திகை மழை போலவே இங்கேயும் அந்த மாதங்களில்தான் வானம் திறக்கும். மண் இன்னும் சூடாக இருக்கும், மேலே செடி தூங்கினாலும் கீழே வேர் குளிர்காலம் முழுக்க இறங்கிக்கொண்டிருக்கும். மே மாதம் நடுகிறவர் அந்த ஆறு மாத வேரை இழக்கிறார்.

பெரிய சட்டிச் செடிக்குப் பணம் கொட்டாதீர்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் சட்டியில் இருக்கும் சின்னச் செடி மூன்றாம் வருடம் பெரியதை முந்திவிடும். சட்டிக்குள் சுருண்ட வேரைக் கையால் பிரித்துவிட்டு நடுங்கள். குழியில் எரு போட வேண்டாம். இந்தச் செடிகள் ஏழை மண்ணில் நீண்டநாள் வாழும், கொழுத்த மண்ணில் சீக்கிரம் சரியும். தண்ணீர் தேங்கிய இடங்களில் மண்ணையும் சரளையையும் கலந்து ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு அதன் மேல் நடுங்கள்.

ஒவ்வொரு செடியைச் சுற்றியும் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரம்பு கட்டி வட்டப்பாத்தி செய்யுங்கள். முதல் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதில் இருபது லிட்டர் நிரப்புங்கள். இடையில் ஒரு சொட்டும் வேண்டாம். தினமும் அரை லிட்டர் சொட்டவிட்டால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வேரழுகல் வரும். ஆழமாக ஊற்றிக் காயவிட்டால் வேர் தண்ணீரைத் துரத்திக் கீழே போகும். இரண்டாம் கோடையில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீரே தேவைப்படாது.

எதை நடுவது? அடுக்கின் விளிம்பில் ஐரிஸ். சுவரின் மேலிருந்து வழிய ரோஸ்மேரியும் கேப்பரும். வெயில் சரிவில் சாந்தோலினா, லாவெண்டர், டியூக்ரியம் போன்ற வறட்சி தாங்கும் புதர்கள். நிழல் ஓரத்தில் அகாந்தஸ். கொரிந்தியத் தூண்களின் தலையில் செதுக்கியிருக்கும் இலை அதுதான். பந்தலுக்குத் திராட்சையோ ரோஜாவோ. இவற்றில் ஆறேழு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே செடியை இருபது முப்பதாக நட்டால்தான் இந்தக் கல்லின் அளவுக்கு ஈடாகும். ஒவ்வொன்றிலும் ஒன்று என்று வாங்கினால் நாற்றங்கால் மாதிரி இருக்கும்.

விளக்கு விஷயத்தில் கை அடக்கம் தேவை. சைப்ரஸின் அடியில் ஒளிவிளக்கு வைத்து மேல்நோக்கி அடிப்பதை ஓட்டல்களுக்கு விட்டுவிடுங்கள். படிக்கட்டில் கால் தெரிந்தால் போதும்.

10. அதன் பிறகு வரும் வருடங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் ஆலிவ் கவாத்து, நடுவே வெளிச்சம் புகும்படி. மழைக்காலத்தில் சரிந்த கல்லைத் திரும்ப ஏற்றுவதும் அப்போதுதான். ஒரு கல் விழுந்த வாரமே வைத்தால் அரை மணி நேர வேலை, இரண்டு வருடம் விட்டால் இரண்டு மீட்டர் சுவர். மேயில் எலுமிச்சை வெளியே. ஜூனில் புல் அறுப்பும் வேலி கத்தரிப்பும். பூ முடிந்ததும் லாவெண்டரைப் பச்சை இலைக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள், காய்ந்த கட்டைவரை வெட்டினால் துளிர்க்காது. ஜூலை, ஆகஸ்டில் தோட்டம் தூங்குகிறது, வெளிறிக் கிடக்கும், அதை எழுப்பத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். செப்டம்பரில், முதல் மழைக்கு முன் கூரைக் குழாய்களையும் வாய்க்கால்களையும் தூர் எடுங்கள். அக்டோபரில் நாலு பேரை வைத்துச் சட்டிகளை லிமொனாயாவுக்குள் ஏற்றி, கடைசியாக அடுக்குமல்லியை ஜன்னலோரம் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளியே ஆலிவ் பறிக்க வலை விரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.